மாமியார் சொல்வது சரிதான், அந்த வீடு மூச்சு விடவில்லை

கேள்வி: திருப்பூரில் 14 வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, இந்த வைகாசியில் என் கணவரின் சொந்த ஊருக்கே வந்துவிட்டோம். பெரியபட்டினத்துக்குப் பக்கத்துக் கிராமம். கடலிலிருந்து 300 மீட்டர் இருக்கும். 18 வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீட்டை விலைக்கு வாங்கினோம். வாங்கும்போது புதுப் பெயின்ட் அடித்து, ஹாலில் சுவரிலும் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டிப் பளபளவென்று இருந்தது. மூன்று மாதத்தில் அந்த டைல்ஸுக்கு மேலே வெள்ளைப் பொடி பூத்துப் பெயின்ட் உரிகிறது. சமையலறை சன்ஷேடில் பழுப்புக் கோடு இறங்குகிறது. போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, தலைமுடி சிக்குப் பிடிக்கிறது. ஜன்னலுக்கு மேல் இருந்த வெண்டிலேட்டர்களை முன்பு இருந்தவர்கள் ஏசிக்காக அடைத்துவிட்டார்களாம். மாமியார் "இந்த வீடு மூச்சு விடலத்தா" என்று சொல்லிவிட்டு வராண்டாவில்தான் படுக்கிறார். சின்னவன் ஐந்தாவது படிக்கிறான். "எப்பம்மா நம்ம வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்கிறான். அவனுக்கு நம்ம வீடு என்றால் இன்னும் திருப்பூர்தான். பெயின்டர் புட்டி பார்த்து டேம்ப் ப்ரூஃப் அடிக்கச் சொல்கிறார். போர்க்காரர் இன்னும் 100 அடி இறக்கலாம் என்கிறார். வாஸ்து பார்த்தவர் தெற்கு வாசலை அடைத்துக் கிழக்கே திறக்கச் சொல்கிறார். என் கணவருக்கோ மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்து, மாடியில் ஒரு ரூம் எடுத்து, தென்மேற்கு மூலையில் நிற்கும் நாலு பூவரசையும் வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் போட்டுவிட வேண்டும். கையில் நாலு லட்சம் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?
— பெயர் வேண்டாம், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பெயின்டர், போர்க்காரர், வாஸ்துக்காரர், வீட்டுக்காரர் என்று நாலு பேர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். வீட்டைச் சரியாகக் கவனித்தவர் ஐந்தாவது ஆள், உங்கள் மாமியார். கட்டட வேலையில் எனக்கு முப்பது வருஷம் ஆகப்போகிறது. அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரு வரிக்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் விளக்கம்தான்.

முதலில் என் தீர்மானத்தைச் சொல்லிவிடுகிறேன். சமையலறை சன்ஷேடை மட்டும் உடனே பாருங்கள். வெண்டிலேட்டர்களைத் திறந்துவிடுங்கள். மழைத் தண்ணீருக்கு ஒரு தொட்டி வையுங்கள். மற்ற எதையும் ஒரு வருஷத்துக்குத் தொடாதீர்கள். ஒரு கச்சானும் (தென்மேற்குக் காற்றுக் காலம்) ஒரு வாடையும் (வடகிழக்குக் காற்றுக் காலம்) அந்த வீட்டுக்குள் இருந்து பார்த்த பிறகு எதை இடிப்பது, எதைக் கட்டுவது என்று பேசலாம். நீங்கள் பார்த்திருப்பது கச்சானில் பாதி.

சன்ஷேடுக்கு வருகிறேன், ஏனென்றால் இது ஆளைக் கொல்லும் விஷயம். 1998-ல் உச்சிப்புளிப் பக்கம் என் சொந்த அக்காவுக்கு நானே நின்று வீடு கட்டினேன். படித்து முடித்த புதிது. கான்கிரீட் கலக்கவும் நனைக்கவும் அங்கேயே இருந்த போர் தண்ணீரைப் பிடித்தேன். வாயில் வைத்தால் கரிக்கும். "சிமென்ட்டுக்கு என்ன நாக்கா இருக்கு" என்று கொத்தனார் சொன்னார், நானும் சிரித்துக்கொண்டேன். ஏழாவது வருஷ மழையில் பின்பக்கத்துச் சன்ஷேடு ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து துவைக்கிற கல்லின் மேல் விழுந்தது. அக்கா துணியை அலசிவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தாள். அந்தப் பக்கம் அவள் இன்றைக்கும் மிளகாய் காயப்போடுவதில்லை. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

நடப்பது இதுதான். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. உப்பு, அதாவது குளோரைடு, உள்ளே போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இரும்பு துருவாக மாறும்போது இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை பருக்கும். உள்ளே இடமில்லாமல் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நீங்கள் பார்க்கும் பழுப்புக் கோடு அந்தத் துரு கரைந்து வடிவதுதான். கட்டட வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கடற்காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்கிறது. கம்பி வைத்த கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் பக்கம் சன்ஷேடின் மொத்தக் கனமே மூன்று அங்குலம்தான், அதாவது 75 மில்லிமீட்டர். அதற்குள் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு விட முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதாது. சன்ஷேடைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம்தான் இருக்கும். ஏணி போட்டு மேலே பார்க்கச் சொல்லுங்கள். கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக வெடிப்பு இருந்தால் வேலை முற்றிவிட்டது என்று அர்த்தம். ஒரு சின்னச் சுத்தியலால் கால் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போகட்டும். கெட்டியான இடம் 'டங்' என்று சொல்லும். உள்ளே பெயர்ந்திருந்தால் காலி டப்பாவைத் தட்டின மாதிரி 'டொப்' என்று கேட்கும். அப்படிக் கேட்கும் இடத்தையெல்லாம் கரித்துண்டால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வட்டம் ஒன்றிரண்டுதான் என்றால் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பியின் பின்பக்கம் தெரியும் வரை கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காயவிட்டு, துத்தநாகப் பூச்சு அடித்து, அதற்கென்று விற்கும் பாலிமர் கலவையால் மூட வேண்டும். கம்பி கால்பங்குக்கு மேல் தின்னப்பட்டிருந்தால் ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். சன்ஷேடையே இறக்கிவிட்டுப் புதிதாக வார்ப்பதுதான் சரி. முட்டுக் கொடுக்காமல் கொத்த விடாதீர்கள், இதை இரண்டு தரம் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். துருவின் மேலேயே சிமென்ட் பூசி மெழுகித் தருகிறேன் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வேலை முடியும் வரை அந்த ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் நிற்க வேண்டாம். இதெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டும்.

வீட்டை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று மனசுக்குள் ஒரு கசப்பு இருக்கும். இருக்கலாம், புதுப் பெயின்ட் எப்போதும் எதையோ மறைக்கத்தான். ஆனால் நீங்கள் வாங்கியிருப்பது இரும்புக்கு ஆகாத கரை. அதனால்தான் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துருவை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்தது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்து முடித்த நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ரயில்வேக்கே அந்தக் கதி, ஜன்னல் கிரில் எம்மாத்திரம்? வருஷா வருஷம் பங்குனியில், கச்சான் எழும்புவதற்கு முன்னால், தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடிப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கொண்டி, கீல், தாழ்ப்பாளெல்லாம் மாற்றும்போது பித்தளையாகப் பாருங்கள். சுவிட்ச் பெட்டியை எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் முனைகளை மாற்ற வேண்டும். அதற்கு வருஷக் கணக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

இனி மாமியார் சொன்ன மூச்சு.

சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தில் உப்பு இருக்கிறது, அது மண்ணிலிருந்து ஏறியதாகவும் இருக்கலாம், கட்டும்போதே கலந்ததாகவும் இருக்கலாம். ஈரம் சுவரின் மேற்பரப்புக்கு வந்து காற்றில் காயும்போது உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிறது. அந்தப் படிகம் வளர்ந்து பெயின்ட்டையும் பூச்சையும் தள்ளுகிறது. உங்கள் வெள்ளைப் பொடி இதுதான். முன்பு இருந்தவர்கள் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டியதால் ஈரம் நின்றுவிடவில்லை, வெளியேற வழி கிடைக்காமல் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி மூன்றடிக்கு மேலே வந்து மூச்சு விடுகிறது. இப்போது பெயின்டர் அங்கேயும் புட்டி வைத்து மூடினால் அடுத்த வருஷம் ஐந்தடியில் பூக்கும். அதற்கும் அவரிடம் ஒரு டப்பா இருக்கும்.

பழைய வீடுகளை மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு, வருஷம் ஒருமுறை பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஓட்டுக்கோ ஓலைக்கோ கீழே காற்றுப் போக இடைவெளி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். உப்பு பூத்தால் அந்த வருஷத்துச் சுண்ணாம்போடு உதிர்ந்துவிடும், அடுத்த வெள்ளையடிப்பில் மறைந்தும்விடும். சிப்பிச் சுண்ணாம்பு அடித்த வீட்டில் வளர்ந்தவர் எண்ணெய்ப் பெயின்ட் அடித்து, வெண்டிலேட்டர் அடைத்த அறைக்குள் படுத்தால் வித்தியாசம் உடம்பில் தெரியத்தான் செய்யும். நாலு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சும், சமையல் ஆவியும், குளியலறை ஈரமும் போக்கிடம் இல்லாமல் உள்ளேயே சுற்றுகின்றன. அதனால் அவர் வராண்டாவில் படுப்பதை வீட்டின் மேல் கோபமாகவோ உங்கள் மேல் கோபமாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். கச்சான் காலத்தில் இந்தக் கரையில் விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் வெளியில்தான் படுப்பார்கள். நீங்களும் ஒருநாள் அவர் பக்கத்தில் பாய் போட்டுப் பாருங்கள்.

ஒரு சோதனை செய்யுங்கள், செலவு பத்து ரூபாய். ஓர் அடிக்கு ஓர் அடி கண்ணாடி பிளாஸ்டிக் தாள் ஒன்றை, பொடி பூக்காத சுவரில், தலைமாட்டு உயரத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் காற்றில் இருக்கிறது, அதாவது மாமியார் சொன்ன மூச்சு. ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று ஒட்டிப் பார்த்துவிட்டால் எந்தச் சுவருக்கு எந்த வைத்தியம் என்று தெரிந்துவிடும்.

அதுவரைக்கும் பொடியைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டிவிடுங்கள். வெண்டிலேட்டர்களைத் திறந்து கொசுவலை அடியுங்கள். மதியத்துக்கு மேல் கச்சான் உரக்க அடிக்கும்போது தெற்கு, மேற்கு ஜன்னல்களைச் சாத்தி, வடக்கையும் கிழக்கையும் திறந்து வையுங்கள். ஐப்பசியில் வாடை திரும்பியதும் இதை அப்படியே மாற்றுங்கள். உங்கள் கரை தென்கடல், மீனவர்கள் ஆண் கடல் என்பார்கள். கச்சானில் அது கொந்தளிக்கும். தேவிபட்டினம் பக்கம், பெண் கடலான வடகடலில், வீடு வாங்கியிருந்தால் இதே பாடம் தலைகீழாக இருந்திருக்கும்.

இந்தக் காற்றுக் கணக்கில்தான் பூவரசு மரங்களும் வருகின்றன. தென்மேற்கு மூலையில் அவற்றை வைத்தவர் யாரோ, கும்பிடலாம். கச்சானோடு வரும் உப்புத்தூவலை முதலில் வாங்கிக்கொள்வது அந்த இலைகள்தான். வெட்டினால் அந்த உப்பு நேரே உங்கள் சுவருக்கும் காருக்கும் வரும். காரை வடகிழக்குப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள். வாஸ்துவைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், எழுதினால் சண்டைக்கு வருவார்கள். தெற்கு வாசலைக் கச்சான் காலத்தில் சாத்தி வைத்தால் போதும், அடைக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. மாடி அறையும் இப்போது வேண்டாம். கீழே கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் மேலே பாரம் ஏற்றக் கூடாது. அதோடு கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருப்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உங்கள் மனைக்குப் பொருந்தும். பஞ்சாயத்து அனுமதி மட்டும் போதுமா என்று மாவட்டத் தலைநகரில் விசாரித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

தண்ணீர். போர்க்காரர் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மதுரையில் ஆழம் போனால் தண்ணீர் கிடைக்கும், இங்கே ஆழம் போனால் கடல் கிடைக்கும். நம் கரையில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் இறங்கிய மழை. உப்புத் தண்ணீர் கனமானது, நல்ல தண்ணீர் லேசானது, அதனால் பால் மேல் ஆடை மாதிரி உப்பின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு அது இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஓர் இடத்தில் மோட்டார் போட்டு உறிஞ்சி மேல்மட்டத்தை அரை அடி இறக்கினால், கீழே உப்பு 20 அடி ஏறிவரும். மாமியார் காலத்தில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்பினார்கள். ஊறின அளவுக்கு மட்டும் எடுத்தார்கள், ஆடை கலையவில்லை. எந்த இடத்தில் ஊற்று இனிப்பாக இருந்தது என்று அவருக்கு இப்போதும் தெரிந்திருக்கும். போர்க்காரருக்குக் கொடுக்கும் பணத்தை வைத்து அங்கே உறை இறக்கி ஒரு சின்னக் கிணறு எடுத்தால், துவைக்கவும் குளிக்கவும் இப்போதையதை விட நல்ல தண்ணீர் கிடைக்க வாய்ப்பு அதிகம். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மழைத் தண்ணீரையும் விடாதீர்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. நமக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பதால் தொட்டியும் குழாயும் அதற்குள் தயாராக வேண்டும். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள், கச்சான் முழுக்க மாடியில் படிந்த உப்பு அதில் கழுவிப் போகட்டும். தொட்டி நிரம்பி மீறுவதை மழைநீர்க் குழிக்குத் திருப்புங்கள். 2003-லிருந்து அது கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், மணல் மூடிக் கிடக்கும். தூர் வாரினால் அந்தப் பால் ஆடைக்குக் கொஞ்சம் கனம் கூடும். சன்ஷேடு, வெண்டிலேட்டர், தொட்டி மூன்றும் சேர்ந்தால் உங்கள் நாலு லட்சத்தில் பாதிகூட ஆகாது. மீதியை வங்கியிலேயே வையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு பரபரப்பு உண்டு, நானே நிறையப் பார்த்திருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வேலை ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும் அவர்களுக்கு. அந்தச் சன்ஷேடு வேலையை முழுக்க அவர் பொறுப்பில் விடுங்கள். ஏணி, முட்டு, ஆள் என்று பத்து நாள் சரியாக இருக்கும்.

சின்னவனைப் பற்றி எழுதுவதற்கு எனக்குப் படிப்பு கிடையாது. அளவெடுக்கப் போகும் வீடுகளில் பார்த்ததைச் சொல்கிறேன். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வரும் பிள்ளை, சாயங்காலத்துக்குள் அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் என்னிடமே விளக்க ஆரம்பித்துவிடும். அதனால் எனக்கு ஓர் உதவி வேண்டும், அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள். உப்பு எதுவரை பூத்திருக்கிறதோ அந்த விளிம்பில் பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுத வேண்டும். அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று. கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா, மழையில் என்ன ஆகிறது என்பது தெரிந்தால்தான் அடுத்த வருஷம் எந்த உயரத்துக்குப் பழைய பூச்சை எடுத்துச் சுண்ணாம்பு பூசுவது என்று என்னால் சொல்ல முடியும். சுவரில் கிறுக்கலாமா என்று கேட்பான். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே கேட்டுத்தான் அடித்திருப்பீர்கள். இங்கே கிறுக்கலாம் என்று சொல்லுங்கள். முடிந்தால் தண்ணீரின் உப்பைக் காட்டும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். குடிக்கும் தண்ணீருக்கு 500-க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை என்பது அளவு. கடலில் சுமார் 35,000. போர், காவிரி, மழை, ஆச்சி காட்டும் ஊற்று எல்லாவற்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதட்டும்.

பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டு எழுதுங்கள். ஹாலில் எந்தப் பக்கம் வியர்த்தது, படுக்கையறையில் எந்தப் பக்கம் என்று இரண்டு வரி போதும். சன்ஷேடின் மேல்பக்கத்தைப் போட்டோ எடுத்து, கரி வட்டங்கள் தெரியும்படி அனுப்புங்கள்.